வாத்தியத்திலிருந்து குரலுக்கு, குரலிலிருந்து திரைக்கு: சிங்கப்பூர் இசைக்கலைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் அழைத்த இடத்துக்கெல்லாம் போய் வாசிக்கும் தமிழ்க் கலைஞர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு நாள் திருமண மண்டபத்தில் கீபோர்டு, மறுநாள் யாரோ ஒருவரின் பாடலுக்கு ஸ்டூடியோவில் தபேலா, ஆண்டிறுதியில் எஸ்பிளனேட் கலையரங்கின் கலா உத்சவ விழாவில் நடன நிகழ்ச்சிக்கு மிருதங்கம். ரசிகர்களுக்கு அவர்கள் பெயர் தெரியாது. பதிவுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாத்தியத்தை விட்டுவிடாமல் பின்னணிக் குரல், டப்பிங், அதன்பின் நடிப்பு என்று நகர விரும்பும் அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தப் பாதையில் முன்பே நடந்தவர்கள் உண்டு. இளையராஜா சகோதரர்களின் பாவலர் பிரதர்ஸ் இசைக்குழுவில் கிட்டார் வாசித்த கங்கை அமரன்தான் 1979இல் வெளிவந்த 'புதிய வார்ப்புகள்' படத்தில் பாக்யராஜுக்குக் குரல் கொடுத்தார். பின்னணிப் பாடகர் எஸ்.என்.சுரேந்தரின் குரலில்தான் நடிகர் மோகன் பல படங்களில் பேசினார். எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடினார், நடித்தார், தெலுங்கில் கமல்ஹாசனுக்கு டப்பிங்கும் பேசினார். மூவருக்கும் பொதுவானது அழகான குரல் என்று நினைப்போம். பயிற்சி பெற்ற காதுதான் அதைவிட முக்கியமான பொது அம்சம் என்பது என் கருத்து. ஹெட்போனில் வரும் ஒன்றைக் கேட்டுக்கொண்டே, இன்னொருவர் வகுத்த நேரத்துக்குள், கேட்ட உணர்வை உடனே கொடுக்க வேண்டும். ஸ்டூடியோ வாத்தியக்காரர் இதைத்தான் அன்றாடம் செய்கிறார். ஆகவே குரல் முதலில், கேமரா அதற்குப் பிறகு என்ற வரிசையில் போவது நல்லது. காது இரண்டுக்கும் உதவும். முகத்தைப் பழக்கக் கூடுதல் காலம் ஆகும்.

முதல் படி: வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. நம் ஊரில் தமிழ்க் குரலுக்கு வேலை இருப்பதற்கு அடிப்படைக் காரணம் அதுவே. டெங்கி ஒழிப்பு, தடுப்பூசி, மோசடி எச்சரிக்கை என்று அரசாங்கம் எந்த இயக்கத்தை நடத்தினாலும் அதன் விளம்பரத்துக்குத் தமிழ் வடிவமும் வேண்டியிருக்கிறது. அதோடு மீடியாகார்ப்பின் வசந்தம் ஒளிவழி, ஒலி 96.8 வானொலி, பள்ளிப் பாடக் காணொளிகள், நிறுவனங்களின் பயிற்சிக் காணொளிகள், தொலைபேசியில் 'தமிழுக்கு எண் நான்கை அழுத்தவும்' என்னும் வகைப் பதிவுகள், சிறுவர் அசைவூட்டப் படங்கள் ஆகியவையும் உண்டு.

சந்தை சிறியது. சென்னையில்போல நாள் முழுக்க டப்பிங் மட்டுமே பேசி வாழலாம் என்ற எண்ணத்தோடு தொடங்காதீர்கள். ஆனால் சிறிய சந்தையில் ஒரு நன்மையும் உண்டு. நேரத்துக்கு வந்து, இரண்டாவது டேக்கிலேயே (பதிவு முயற்சியிலேயே) சரியாகக் கொடுத்துவிட்டுப் போகிறவரின் பெயர் வேகமாகப் பரவும். வாத்தியக்காரராக நீங்கள் ஏற்கெனவே சம்பாதித்து வைத்திருக்கும் அந்த நல்ல பெயரை இங்கேயும் பயன்படுத்தலாம்.

இரண்டாம் படி: உச்சரிப்பு

இதில் நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள். இசைக்கலைஞர்கள் பலர் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டப் பார்க்கிறார்கள். சுருதி பிசகாத காது இருந்தும் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகவே ஒலித்தால் அந்தக் குரலை இரண்டாம் முறை யாரும் அழைக்க மாட்டார்கள். ர, ற வேறுபாட்டையும் ண, ன வேறுபாட்டையும் தனித்தனியாகப் பழகுங்கள். நாளிதழ்ச் செய்தி ஒன்றை நாள்தோறும் உரக்கப் படித்துக் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். 1935 முதல் வெளிவரும் தமிழ் முரசு இதற்கு மிகப் பொருத்தமானது. இங்குள்ள அமைப்புகளின் பெயர்கள், துறைச் சொற்கள், ஊர்ப்பெயர்கள் எல்லாம் நம் புழக்கத்தில் உள்ள வடிவத்திலேயே அதில் இருக்கும்.

ஊர்ப்பெயர்களைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. தோ பாயோ, அங் மோ கியோ, சுவா சூ காங், ஈசூன் ஆகியவற்றை உள்ளூர்க்காரர் சொல்வதுபோல் தமிழ் வாக்கியத்துக்குள் இயல்பாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் மலிவாகப் பதிவு செய்த குரல் தடுமாறுவது இங்கேதான். உங்கள் மதிப்பு உயர்வதும் இங்கேதான். எண்களையும் விடாதீர்கள். தொலைபேசி எண், ஆண்டு, வெள்ளித் தொகை, சதவீதம் ஒவ்வொன்றையும் படிக்கும் முறை வேறு. படிக்க வேண்டிய தாள் கையில் வந்ததும் எண்களை எல்லாம் பென்சிலால் சொல்லாக எழுதிக்கொள்வது நல்ல பழக்கம். 'வீவக' (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), 'மசே நிதி' (மத்திய சேம நிதி) போன்ற சுருக்கங்களை விரித்துப் படிக்க வேண்டுமா என்பதைப் பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்பதும் முதலிலேயே தீர்க்க வேண்டிய கேள்வி. விளம்பரத்துக்கான தாள் பெரும்பாலும் எழுத்துத் தமிழில் வரும். இயக்குநரோ 'பக்கத்து வீட்டு அண்ணன் பேசுவதுபோல் வேண்டும்' என்பார். இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது. பணிவாகச் சுட்டிக்காட்டுங்கள், எந்த நடை என்று முடிவானபின் வாயைத் திறங்கள்.

மூன்றாம் படி: வீட்டில் ஒரு பதிவு மூலை

இசைப்பதிவுக்காக வாங்கிய ஆடியோ இன்டர்ஃபேஸும் மைக்கும் உங்களிடம் இருக்கக்கூடும். அவையே போதும். புதிதாகச் செலவழிக்க வேண்டியிருந்தால் அறையின் எதிரொலியைக் குறைப்பதில் செலவழியுங்கள். துணிகள் நிறைந்த அலமாரியின் முன்னால், பின்புறம் தடித்த போர்வை தொங்க நின்று பேசினால் நல்ல பதிவு கிடைக்கும். மைக்கிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி, நேருக்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் பேசுங்கள். 'ப', 'ம்ப' ஒலிகளின் காற்று மைக்கில் மோதாது. காணொளி வேலைக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு பொதுவான தரம். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் எப்போது பதிவு செய்வது? வீவக விதிப்படி புதுப்பிப்புப் பணிகளுக்குத் திங்கள் முதல் சனி வரை காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை அனுமதி உண்டு. சுவர் உடைப்பது போன்ற பெருஞ்சத்த வேலைகள் வார நாள்களில் மட்டும், மாலை 5 மணி வரை. மேல்வீட்டில் வேலை நடந்தால் இந்த நேரங்களை விட்டுவிடுங்கள். விடியற்காலை அமைதியாக இருக்கும் என்று நம்பி எழுந்தால் குயில் கூவத் தொடங்கிவிடும். அந்தக் கூவலைப் பதிவிலிருந்து நீக்குவது மிகக் கடினம். இரவு 9 மணிக்குமேல், குளிர்சாதனத்தையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டுச் செய்யும் பதிவே சுத்தமாக இருக்கும். வியர்க்கும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளி விடுங்கள்.

இசைக்கலைஞர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பதிவு செய்த குரலுக்கு ரிவர்ப் (எதிரொலி விளைவு) சேர்க்கவும், சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர் போடவும் கை துறுதுறுக்கும். வேண்டாம். வாடிக்கையாளருக்குப் போக வேண்டியது எதுவும் சேர்க்காத குரல்தான். படத்தோடு கலப்பதற்கென்று ஒரு பொறியாளர் அங்கே இருக்கிறார். நீங்கள் சேர்த்ததை அவரால் பிரித்தெடுக்க முடியாது.

நான்காம் படி: மாதிரிப் பதிவு

ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். ஆகச் சிறந்த துண்டை முதலில் வையுங்கள். கேட்பவர் பத்து விநாடியிலேயே முடிவு செய்துவிடுவார். விளம்பரம், விவரணை, கதாபாத்திரம் மூன்றையும் தனித்தனிக் கோப்புகளாக அனுப்புங்கள். சினிமா நட்சத்திரங்களின் குரலைப் போலிசெய்து சேர்க்காதீர்கள். அந்தக் குரலுக்கு உரியவர் ஏற்கெனவே இருக்கிறார். பின்னணி இசைக்கு யாருடைய பாடலையும் எடுக்காமல் நீங்களே வாசித்துச் சேர்த்துவிடுங்கள். உரிமைச் சிக்கலும் வராது, உங்கள் இன்னொரு திறமையும் சொல்லாமலே தெரியும்.

பிறகு யாரிடம் கொடுப்பது? முதலில் நீங்கள் வாசித்த ஸ்டூடியோக்களின் ஒலிப்பொறியாளர்களிடம். 'ஒரு தமிழ்க் குரல் அவசரமாக வேண்டும்' என்ற அழைப்பு பல சமயம் முதலில் அவர்களுக்குத்தான் வருகிறது. அடுத்து, நான்கு மொழிகளிலும் விளம்பரம் தயாரிக்கும் நிறுவனங்கள், மொழிபெயர்ப்பு நிறுவனங்கள். வானொலி, தொலைக்காட்சி குரல் தேர்வு அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கம் நடத்தும் தமிழ் மொழி விழாவின் நிகழ்ச்சிகளில் நெறியாளராகவோ கதைசொல்லியாகவோ ஒருமுறை நின்றாலும் மேடையில் உங்கள் குரலைப் பலர் கேட்பார்கள்.

ஐந்தாம் படி: டப்பிங் அறைக்குள்

உங்கள் பழைய பயிற்சி பலன் தரும் இடம் இது. படத்தைத் திரையில் ஓடவிட்டு வசனம் பேசவைக்கும்போது ஹெட்போனில் ஒரு விநாடி இடைவெளியில் மூன்று 'பீப்' ஒலிகள் வரும். நான்காவது வராது. அது விழ வேண்டிய கணத்தில் வசனம் தொடங்க வேண்டும். நடிகர்கள் பலருக்கு இதைப் பிடிக்க நாளாகும். காதில் தாளம் காட்டும் கிளிக் ஒலியை வைத்து வாசித்தவருக்கு இது முன்எண்ணிக்கைதான். தாளத்தின் முதல் தட்டான சமத்தில் தொடங்காமல் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளுக்கு வாசித்த மிருதங்கக்காரருக்கோ ஒலிக்காத இடத்தை எண்ணி எடுப்பது கையில் ஊறிய விஷயம். அந்தத் தைரியத்தோடு உள்ளே போங்கள்.

ஆனால் தாளம் சரியாக விழுந்துவிட்டதாலேயே வசனம் சரியாகிவிடாது. வாத்தியக்காரர் பேசும்போது ஒவ்வொரு வாக்கியமும் ஒரே நீளத்தில், ஒரே ஏற்ற இறக்கத்தில் அமைந்துவிடும் அபாயம் உண்டு. மனிதர்கள் அப்படிப் பேசுவதில்லை. யோசிக்கும்போது நின்று, முடிவு தெரிந்ததும் வேகமெடுத்துப் பேசுகிறார்கள். திரையில் உதட்டைப் பார்ப்பதற்கு முன் மூச்சைப் பாருங்கள். நடிகர் எங்கே மூச்சு இழுக்கிறார் என்பதைப் பிடித்துவிட்டால் உதடு தானாக ஒத்துவரும். உதடு மூடும் ப, ம ஒலிகள் மட்டும் திரையில் மூடும் இடத்தோடு பொருந்தினால் போதும். மற்ற எழுத்துகள் சற்று விலகினாலும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

விளம்பரத்தில் வரும் சிக்கல் வேறு. ஆங்கிலத்தில் 30 விநாடிக்கு எழுதி, படமும் வெட்டி முடித்த பிறகே தமிழ் வடிவம் தயாராகிறது. தமிழில் அதே செய்தி கூடுதல் அசைகள் எடுக்கும். 'கொஞ்சம் வேகமாகப் படியுங்கள்' என்பதே அங்கே கிடைக்கும் முதல் யோசனை. வேகமாகப் படித்தால் முதியவர்களுக்குப் புரியாது. அந்த விளம்பரமோ அநேகமாக அவர்களுக்காகவே எடுக்கப்பட்டிருக்கும். எனவே பதிவுக்கு முதல் நாளே தாளைக் கேட்டு வாங்கி, கடிகாரம் வைத்துப் படித்துப் பாருங்கள். நேரம் தாண்டினால் எந்தச் சொல்லை விடலாம் என்று மொழிபெயர்ப்பாளரிடம் யோசனை சொல்லுங்கள். 'தயவுசெய்து', 'உடனடியாக', 'அனைத்து' ஆகிய மூன்றும் வெட்டுவதற்கு முதலில் கிடைக்கும் சொற்கள். நீங்களாகவே மாற்றிப் பேசாதீர்கள். விளம்பரம் தரும் அமைப்பு ஒப்புதல் அளித்த வாசகம் அது.

ஆறாம் படி: கேமராவின் முன்

குரல் வேலையில் ஓரளவு நிலைத்த பிறகு இதற்கு வாருங்கள். நாடகக் குழுவில் சேர்ந்து பழகுவதையே நான் பரிந்துரைப்பேன். ரவீந்திரன் நாடகக் குழு, அக்னிக் கூத்து, அவாண்ட் நாடகக் குழு என்று இங்கே தமிழ் நாடகத்துக்குத் தனி மரபு இருக்கிறது. முழுநேரப் பயிற்சி வேண்டுமானால் கோ பாவ் குன்னும் தி.சசிதரனும் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பயிற்சித் திட்டத்திலிருந்து வளர்ந்த இன்டர்கல்ச்சரல் தியேட்டர் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. கேரளத்தின் கூடியாட்டம், ஜப்பானின் நோ, பெய்ஜிங் ஆப்பரா ஆகிய நாடக மரபுகளைத் தற்கால நடிப்போடு சேர்த்துக் கற்பிக்கிறார்கள். தாளத்தை உடம்பால் அறிந்தவருக்கு அது பெரிய வாய்ப்பு.

திரைப்பட மாணவர்களின் குறும்படங்களையும் சிறிதாக எண்ணாதீர்கள். லாசால் கலைக் கல்லூரி, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளி, நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி ஆகியவற்றின் மாணவர்கள் படமெடுக்கிறார்கள். சம்பளம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். ஆனால் உங்கள் முகம் திரையில் எப்படி இருக்கிறது என்பதை அங்கே பாதுகாப்பாகப் பார்த்துக்கொள்ளலாம். 'கேலஃபேர்' என்று இங்கே எல்லா மொழிக்காரர்களும் சொல்லும் கூட்டத்து நடிகர் வேலையை ஒன்றிரண்டு முறை செய்தால் படப்பிடிப்புத் தளத்தின் ஒழுங்கு பிடிபடும். அதற்குமேல் அதிலேயே இருக்க வேண்டாம்.

வாத்தியக்காரர்களிடம் கேமரா உடனே கண்டுபிடிக்கும் பழக்கங்கள் சில உண்டு. மனத்துக்குள் எண்ணும்போது கண் நிலைகுத்தும். தலை இலேசாக ஆடும். கால் தாளம் போட்டு ஒலிப்பதிவையும் கெடுக்கும். எதிரில் பேசுகிறவரைக் கேட்கும்போது கண்கள் கீழே கைகளை நோக்கி இறங்கும். வீட்டில் கைப்பேசியை நெஞ்சுயரத்தில் நிறுத்தி, அடுத்தவர் பேசுவதைக் கேட்பதை மட்டும் பதிவு செய்து பாருங்கள். வசனம் இல்லாத அந்த இரண்டு நிமிடங்களைப் பார்க்கும்போது வேலை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். உங்களுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. ஒவ்வொரு டேக்கிலும் அதே சொல்லில் அதே கையால் கோப்பையை எடுப்பது நடிகருக்குப் பெரிய சவால். ஒரே சங்கதியை இருபது டேக் மாறாமல் வாசித்தவருக்கு அது எளிது.

தேர்வுக்குக் காணொளி அனுப்பச் சொன்னால், கைப்பேசியைப் படுக்கைவசமாக வைத்து, வெறும் சுவரின் முன், சன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று எடுங்கள். எதிர்வசனத்தை வேறொருவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று மென்மையாகச் சொல்லட்டும். எந்த வாத்தியம் வாசிப்பீர்கள் என்பதைத் தன்விவரத்தில் கட்டாயம் எழுதுங்கள். வீணையோ டிரம்ஸோ உண்மையாகவே வாசிக்கத் தெரிந்த நடிகர் கிடைப்பது அரிது.

ஏழாம் படி: எழுத்தில் வாங்க வேண்டியவை

வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் தொகை, பணம் தரும் நாள், திருத்தம் எத்தனை முறை, ரத்தானால் என்ன என்பவை எழுத்தில் இருக்கட்டும், மின்னஞ்சலானாலும் சரி. குரலுக்குக் கூடுதலாக மூன்று கேள்விகள்: எங்கே ஒலிக்கும், எவ்வளவு காலம், எந்த நாடுகளில்? ஓராண்டு வானொலி விளம்பரத்துக்கும், எல்லா ஊடகத்திலும் எக்காலத்துக்கும் என்பதற்கும் ஒரே கட்டணம் பொருந்தாது. இசைப்பதிவில் ஒருமுறை பணம் வாங்கிக்கொண்டு போய்ப் பழகியவர்கள் இந்தக் கேள்விகளை மறந்துவிடுகிறார்கள். காம்பஸ் என்னும் பாடலாசிரியர், இசையமைப்பாளர் சங்கம் இயற்றியவர்களின் உரிமைத் தொகையைத்தான் வசூலிக்கிறது. வாசித்தவருக்கும் பேசியவருக்கும் அது வழியாகப் பணம் வராது. பேச்சுவார்த்தை மேசையில் கேட்டதுதான் கிடைக்கும்.

2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துகலைஞர் தம் பெயர் குறிப்பிடப்படும் உரிமையை அளிக்கிறது. அதே சட்டம் கணினித் தரவு ஆய்வுக்காக (கணினி நிரலைப் பழக்குவதும் இதில் சேரும்) பிரதி எடுப்பதற்கு ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. ஆகவே 'என் எழுத்துபூர்வ அனுமதியின்றி என் குரலைப் போன்ற செயற்கைக் குரலை உருவாக்கவோ பயன்படுத்தவோ கூடாது' என்ற வரியை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் 2023இல் நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த பெரிய கோரிக்கைகளில் செயற்கை நுண்ணறிவும் ஒன்று. தனியாளாகப் பேரம் பேசும் நமக்கு அந்த ஒரு வரி இன்னும் அவசியம்.

பணம் வராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கு 20,000 வெள்ளி வரை போகலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் சுயதொழில் செய்பவர் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். வருமான வரிக்காக ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருங்கள். அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தொழில் செய்தால் நிறுவனங்களைப் பதியும் ஆணையமான அக்ராவில் பதிய வேண்டியதில்லை. வேலை அனுமதிச் சீட்டில் இங்கு இருப்பவர்கள், சீட்டில் உள்ள முதலாளிக்கு மட்டுமே வேலை செய்ய முடியும். நண்பர் கேட்டார் என்று ஒரு விளம்பரம் பேசிவிட்டுப் பணம் வாங்குவதும் இந்தத் தடையில் அடங்கும். மனிதவள அமைச்சின் விதியைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நாள்காட்டியை வகுப்பது

வாத்தியத்தை விடாதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னது வருமானத்துக்காக மட்டும் அல்ல. புதிய வேலை வரும் வழியே அதுதான். ஆனால் இரண்டும் மோதும் நாள்கள் வரும். திருமண மேடையில் பெரிய ஒலிபெருக்கிகளுக்குப் பக்கத்தில் நான்கு மணி நேரம் நின்று, சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிய மறுநாள் காலையில் தொண்டை கரகரக்கும், காது மந்தமாக இருக்கும். குரல் பதிவுக்கு முந்திய இரவில் மேடை நிகழ்ச்சி ஏற்காமல் இருப்பதே நல்லது. ஏற்றே ஆக வேண்டுமென்றால் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், இடைவேளையில் பேச்சைக் குறையுங்கள், பதிவை மதியத்துக்குத் தள்ளிக் கேளுங்கள். தைப்பூசம், தீபாவளி, திருமண முகூர்த்த மாதங்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். தொடர் நாடகத்தில் வாய்ப்பு வந்தால், படப்பிடிப்பு நாள்கள் கடைசி நேரத்தில் மாறக்கூடும் என்பதை உங்களை நம்பியிருக்கும் இசைக்குழுவினரிடம் அன்றே சொல்லி, உங்கள் இடத்தில் வாசிக்கக்கூடிய ஒருவரையும் நீங்களே ஏற்பாடு செய்துவிடுங்கள்.